74 வயதில் புராஸ்டேட் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், என்ன செய்வது?

எழுதியிருப்பவர் 74 வயதான, பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கடிதம் நீளமானது. அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4. ஆனாலும் தினமும் 40 நிமிடம் நடக்கிறார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். அதற்காக இரண்டு ஆண்டாக ஒரு "புராஸ்டேட் வீக்க மாத்திரை" சாப்பிடுகிறார்.

மகன் வற்புறுத்தி முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போனதில் பிஎஸ்ஏ (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு) 8.6 என்று வந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 8.1. மலக்குடல் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. எம்ஆர்ஐ ஸ்கேனில் சுரப்பியின் அளவு 62 மில்லி, பை-ராட்ஸ் 4 என்று ஒரு இடம், சுரப்பியைத் தாண்டிய அறிகுறி இல்லை. பயாப்ஸியில் எடுத்த 15 துண்டுகளில் மூன்றில் புற்றுநோய். கிளீசன் 3+4=7, இரண்டாம் தரப் பிரிவு.

அந்த அறிக்கை மகனின் கைபேசிக்குத்தான் வந்தது. "கொஞ்சம் வீக்கம், ஒரு சின்ன ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லி, ரோபோட்டிக் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து இவர் தற்செயலாக ஃபைலைப் புரட்டியபோதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. மகளோ, இந்த வயதில் எதையும் தொட வேண்டாம், விட்டுவிடுங்கள் என்கிறார். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

இனி அவர் வார்த்தைகளிலேயே: "பத்துக்கு ஏழு என்றால் முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஸ்கேனில் 4 என்று போட்டிருப்பது நாலாம் கட்டமா? ஊசியால் குத்திச் சதை எடுத்ததில் பரவியிருக்காதா? வேரோடு எடுத்துவிட்டால் இரவுத் தொல்லையும் சேர்ந்து போய்விடும் என்கிறான் மகன். என் நண்பர் மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசியோடு நிம்மதியாக இருக்கிறார், எனக்கும் அது போதாதா? அமெரிக்க முன்னாள் அதிபருக்கு வந்தது போல எலும்புக்குப் போய்விடுமோ என்று தூக்கமில்லை. 61 வயதுத் தம்பி தானும் பிஎஸ்ஏ பார்க்கட்டுமா என்று கேட்கிறான். இந்த வயதில் கேட்கக் கூடாது, இருந்தாலும் கேட்கிறேன், ஆபரேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம் என்ன ஆகும்?"

ஐயா, வணக்கம்.

உங்களுக்கு இருப்பது புற்றுநோய்தான். அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் இது அவசரமான புற்றுநோய் இல்லை. யோசிக்க, இன்னொரு மருத்துவரைப் பார்க்க, வீட்டில் உட்கார்ந்து பேச வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் ஆனாலும் இந்த வகை நோயில் எதுவும் கைமீறிப் போகாது. ஆகவே முதல் காரியமாக, குறித்து வைத்த அறுவை சிகிச்சையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ரத்து செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் குறித்த நாள் அது. அதற்காகவாவது அதைத் தள்ளி வைப்பதுதான் முறை.

அந்த 7, அந்த 4

"பத்துக்கு ஏழு" என்று படித்ததும் நோய் எழுபது சதவீதம் முற்றிவிட்டது போலத் தோன்றும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் புற்றுத் திசு நுண்ணோக்கியில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து எண் போடும் இந்த முறையை 1966இல் முன்வைத்தபோது எண்கள் 2இல் தொடங்கின. இன்று நடைமுறையில் பயாப்ஸி அறிக்கையில் புற்றுநோய் என்று எழுதினாலே குறைந்தபட்ச எண் 6. ஏணியின் முதல் படியே 6 என்றால் 7 இரண்டாவது படி. அதிலும் 3+4 வேறு, 4+3 வேறு. முதல் எண் அதிகமாக இருக்கும் வகை, இரண்டாவது எண் அடுத்தபடியாக இருக்கும் வகை. கூட்டினால் இரண்டும் 7தான். ஆனால் உங்களுடையதில் பெரும்பகுதி மெதுவாக வளரும் மூன்றாம் வகை, சிறுபகுதிதான் நான்காம் வகை. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 2014இல் நோயியல் நிபுணர்கள் கூடி ஐந்து தரப் பிரிவுகளாக மாற்றினார்கள். நீங்கள் ஐந்தில் இரண்டாவதில் இருக்கிறீர்கள். உங்கள் அறிக்கையில் நான்காம் வகை எத்தனை சதவீதம் என்றும் எழுதியிருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஐந்து, பத்து சதவீதம் என்றால் கதை வேறு, நாற்பது என்றால் வேறு.

ஸ்கேனில் இருக்கும் 4 நோயின் கட்டம் இல்லை. "இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு" என்று ஸ்கேன் பார்த்த மருத்துவர் 1 முதல் 5 வரை போடும் சந்தேக மதிப்பெண்தான் பை-ராட்ஸ். எங்கே ஊசி போட வேண்டும் என்று காட்டியதோடு அதன் வேலை முடிந்தது. நாலாம் கட்டம் என்றால் நோய் உடலின் வேறு இடங்களுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். உங்கள் ஸ்கேனில் அது சுரப்பியைக்கூடத் தாண்டவில்லை.

ஜோ பைடன் செய்தியும் அப்படித்தான். 2025 மே மாதம், 82 வயதில் அவருக்கு எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதாக அறிவித்தார்கள். கிளீசன் எண் 9, அதாவது ஐந்தாம் தரப் பிரிவு. கடைசியாக பிஎஸ்ஏ பார்த்தது 2014இல் என்று அவர் அலுவலகம் சொன்னது. பெயர் ஒன்றானாலும் அது வேறு குணமுள்ள நோய். அந்தச் செய்தியை வைத்து உங்கள் முடிவை எடுக்காதீர்கள்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் நான் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்காத விவரம் ஒன்று. இரண்டு ஆண்டாகச் சாப்பிடும் அந்த "வீக்க மாத்திரை" எது? அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

டாம்சுலோசின், சைலோடோசின், அல்ஃபுசோசின் இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் கவலையில்லை. இவை சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும், பிஎஸ்ஏயைப் பெரிதாக மாற்றாது. கூடவே டூட்டாஸ்டெரைடு அல்லது ஃபினாஸ்டெரைடு என்று இருந்தால் கணக்கே மாறிவிடும். இந்த இரண்டும் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் பிஎஸ்ஏயைச் சுமார் பாதியாகக் குறைத்துவிடும். நீங்கள் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. அது ரத்தத்தில் இருப்பதை அச்சடித்துக் கொடுத்துவிடும், இரட்டிப்பாக்கிப் பார்க்க வேண்டியது மருத்துவரின் வேலை. அப்படிப் பார்த்தால் உங்கள் 8.1 உண்மையில் 16.

எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் 10 என்று ஒரு கோடு இருக்கிறது. பிஎஸ்ஏ 10க்குக் கீழ், இரண்டாம் தரப் பிரிவு, பாதிக்கும் குறைவான துண்டுகளில் நோய், விரலுக்குத் தட்டுப்படாத கட்டி, இவை எல்லாம் சேர்ந்தால் "சாதகமான நடுத்தர ஆபத்து" என்று வகைப்படுத்துவோம். கண்காணிப்பில் வைத்திருக்கலாமா என்று பேசக்கூடிய இடம் அது. பிஎஸ்ஏ 16 என்றால் நடுத்தர ஆபத்திலேயே "சாதகமற்ற" பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். அப்போது சிகிச்சையின் பக்கம், பெரும்பாலும் கதிர்வீச்சோடு சில மாத ஹார்மோன் ஊசி என்று பேச்சு திரும்பும். இவ்வளவு ஸ்கேன், இவ்வளவு ஊசிக்குப் பிறகும் ஒரு மாத்திரையின் பெயர் முடிவை மாற்றக்கூடும் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் இது அடிக்கடி தவறிப்போகும் விஷயம். உங்கள் மாத்திரைகள் எல்லாவற்றின் பட்டியலையும் அடுத்த முறை கையில் கொண்டு போங்கள்.

இனி நான் எழுதுவது, அதில் டூட்டாஸ்டெரைடோ ஃபினாஸ்டெரைடோ இல்லை என்று வைத்துக்கொண்டு.

பயாப்ஸியும் இரவுத் தொல்லையும்

ஊசியால் குத்தியதால் நோய் பரவாது. பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் செய்துவரும் பரிசோதனை இது. அப்படி நடந்தால் எங்களுக்குத் தெரியாமல் போயிருக்காது. பயாப்ஸியின் நிஜமான ஆபத்து முதல் சில நாட்களில் வரும் குளிர்காய்ச்சல், அதாவது கிருமித் தொற்று. அந்தக் காலத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். விந்துவில் சில வாரம் ரத்த நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

இரவில் எழுந்திருப்பதற்கும் இந்தப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு குறைவு. வயதானால் வரும் வீக்கம் சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதியில் வருவது. புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில் தொடங்குகிறது, அதனால் ஆரம்பத்தில் எந்தத் தொல்லையும் தருவதில்லை. வீக்கம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை, இரண்டும் ஒரே சுரப்பியில் தனித்தனியாக இருக்கும். உங்கள் சுரப்பி 62 மில்லி. அந்த அளவு வீக்கத்தாலேயே பிஎஸ்ஏ கொஞ்சம் ஏறியிருக்கும். இரவுத் தொல்லைக்குச் சர்க்கரையும் ஒரு காரணமாக இருக்கலாம். நீர் போகும் மாத்திரையை மாலையில் சாப்பிடுவது, கால் வீக்கம், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் தூக்கம் ஆகியவையும் காரணமாகலாம்.

கிரியாட்டினின் 1.4 என்று எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரையால் என்று எல்லாரும் விட்டிருப்பார்கள். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மீதம் நிற்கிறது என்று ஒரு சாதாரண அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடுங்கள். நிறைய மீதம் நின்றால் அதுவே சிறுநீரகத்தைப் பாதிக்கும். புற்றுநோய்ப் பேச்சில் இதை மறந்துவிடக் கூடாது.

உண்மையான கேள்வி அடுத்த பத்து ஆண்டு

79 வயதைத் தாண்டி வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் சுரப்பியைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுச் செல்கள் இருந்தன. வாழ்ந்த காலத்தில் அது அவர்களைத் தொடவே இல்லை. ஆகவே வயதானவருக்கு இந்த நோய் வந்திருக்கிறதா என்பதைவிட, அவர் வாழப்போகும் ஆண்டுகளில் அது தொல்லை கொடுக்குமா என்பதுதான் பெரிய கேள்வி.

இதற்குக் கைகொடுக்கும் ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. புரொடெக்ட் என்று பெயர். பிஎஸ்ஏ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட, சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்குள் 356 பேர் இறந்திருந்தார்கள். அதில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர். பிரிவுவாரியாகப் பார்த்தால் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவை சிகிச்சையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. பெரிய வித்தியாசம் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் உங்களை ஒரு பக்கம் தள்ளுவதாக ஆகிவிடும். நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதம் அளவு. கண்காணிப்பில் இருந்தவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் 15 ஆண்டுகளுக்குள் சிகிச்சைக்கு மாறினார்கள். இன்னொன்று, அவர்கள் சேரும்போது 50 முதல் 69 வயதுக்காரர்கள், பலருக்கு உங்களுடையதைவிட லேசான நோய். அதனால் அந்த எண்களை அப்படியே உங்கள் மேல் ஒட்ட முடியாது. ஆனால் வயதும் இதயமும் சர்க்கரையும் சேர்ந்தால் மற்ற காரணங்களின் பங்கு உங்களுக்குக் கூடுமே தவிரக் குறையாது.

இதற்காக உங்களை "வயசாயிடுச்சு" என்று ஒதுக்குவதும் தப்பு. 40 நிமிடம் நடக்கிற 74 வேறு, கட்டிலில் இருக்கும் 74 வேறு. மகள் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். பத்து ஆண்டுக்கு மேல் நீங்கள் நன்றாக வாழ வாய்ப்பு இருக்கிறது, அப்போது நோயைக் கவனிக்காமல் விட்டதற்கு வருந்த நேரலாம். உங்கள் இதய மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "என் இதயத்தை வைத்துப் பார்த்தால் அடுத்த பத்து ஆண்டு எப்படி?" சங்கடமான கேள்விதான். ஆனால் அவர் பதில் இல்லாமல் புராஸ்டேட் பற்றி யாரும் சரியாக முடிவெடுக்க முடியாது.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

தீவிரக் கண்காணிப்பு என்பது சும்மா விட்டுவிடுவது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிஎஸ்ஏ, ஆண்டுக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, ஓர் ஆண்டு வாக்கில் மறுபடி எம்ஆர்ஐயும் பெரும்பாலும் பயாப்ஸியும். தரப் பிரிவு ஏறினாலோ கட்டி பெரிதானாலோ, குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை. பிஎஸ்ஏ ஒரு தடவை எட்டிலிருந்து ஒன்பதானால் ஓட வேண்டியதில்லை, மறுபடி பார்க்க வேண்டும். 80ஐ நெருங்கும்போதோ வேறு நோய் தலைதூக்கும்போதோ பயாப்ஸிகளை நிறுத்திவிட்டு, தொல்லை வந்தால் அந்தத் தொல்லைக்கு வைத்தியம் என்று மாறிக்கொள்ளலாம். மகள் சொல்வது இந்த இரண்டாவது வழி. அது உங்களுக்கு இன்றைக்கே வேண்டியதில்லை.

கதிர்வீச்சு, சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றால் உங்களுக்கு அறுவை சிகிச்சையைவிடப் பொருத்தமானதாக எனக்குத் தோன்றுகிறது. மயக்க மருந்து இல்லை. முன்பெல்லாம் ஏழெட்டு வாரம் போய்வர வேண்டும். இப்போது நான்கு வாரத்தில் 20 தடவை என்பது வழக்கமாகிவிட்டது. உங்களைப் போன்ற நோய்க்கு 5 தடவையிலேயே முடிக்கும் முறையும் நீண்ட முறைக்கு இணையாக வேலை செய்கிறது என்று ஆய்வு காட்டியிருக்கிறது. பாதகம் என்றால் சில வாரம் சிறுநீர் எரிச்சல், அவசரம். பிற்காலத்தில் மலக்குடலில் ரத்தக் கசிவு வரலாம், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவதால் உங்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். இப்போதே சிறுநீர்த் தடை அதிகம் இருந்தால் அதை முதலில் சரிசெய்த பிறகுதான் கதிர்வீச்சு.

அறுவை சிகிச்சை பற்றி உங்கள் மகனுக்குச் சில வார்த்தைகள். வேரோடு எடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பது இயல்பு, அப்பா மேல் இருக்கும் பாசம் அது. ஆனால் அந்த நிம்மதிக்கு விலை உண்டு. நான் சொன்ன அதே ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்களில் ஆறு மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்காக பேட் வைக்க வேண்டியிருந்தது. 12 ஆண்டு கழித்தும் 24 சதவீதம் பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பில் அது 11, கதிர்வீச்சில் 8. வயது கூடக்கூடக் கசிவு நிற்பது கடினம், அந்த ஆய்வில் இருந்தவர்களோ உங்கள் அப்பாவைவிட இளையவர்கள். ரோபோ என்பதால் இது மாறிவிடாது. ஆஸ்திரேலியாவில் 308 பேரை வைத்து ரோபோவையும் பழைய திறந்த முறையையும் ஒப்பிட்டபோது, ரத்த இழப்பு குறைந்தது, ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையை நிறுத்தி மயக்க மருந்து கொடுப்பது தனி ஆபத்து. இதய மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். இரவில் எழுந்திருக்கும் தொல்லைக்காக இந்த ஆபரேஷனைச் செய்வது எந்த விதத்திலும் சரியில்லை. அதற்கு மாத்திரையை மாற்றலாம், வேண்டுமானால் வழியை மட்டும் அகலப்படுத்தும் சிறிய சிகிச்சைகள் இருக்கின்றன.

ஹார்மோன் ஊசி பற்றி உங்கள் நண்பரிடம் விசாரித்துப் பாருங்கள், அவருக்கு நோய் எலும்புக்குப் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். பரவிய நோய்க்கு அதுதான் அடிப்படை மருந்து, ஆயுளையும் கூட்டுகிறது. சுரப்பிக்குள் அடங்கிய நோய்க்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் முதியவர்களின் ஆயுள் கூடுவதில்லை என்று 2008லேயே ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. ஊசி போட்டதும் பிஎஸ்ஏ மளமளவென்று இறங்கும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். பின்னாலேயே எலும்பு தேயும், தசை கரையும், உடல் சூடேறி வியர்க்கும், மனம் சோரும், சர்க்கரை ஏறும். இந்த வகை ஊசிகளால் சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் எச்சரிக்கையே சேர்த்தது. உங்களுக்கு ஏற்கனவே இரண்டும் இருக்கிறது. வசதியான வழி என்று இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தாம்பத்தியம் பற்றிக் கேட்டதற்குத் தயங்க வேண்டியதே இல்லை. இந்தக் கேள்வியை மருத்துவரே முதலில் எடுக்க வேண்டும், நாங்கள் பல பேர் எடுப்பதில்லை. அறுவை சிகிச்சையில் விறைப்பு உடனடியாகப் பாதிக்கும், உங்கள் வயதில் 18 ஆண்டுச் சர்க்கரையோடு அது பழையபடி திரும்பும் வாய்ப்பு குறைவு. விந்து வெளிப்படுவது நின்றுவிடும். கதிர்வீச்சில் இரண்டு மூன்று ஆண்டுகளில் மெதுவாகக் குறையும். ஹார்மோன் ஊசி ஆசையையே எடுத்துவிடும். கண்காணிப்பில் இப்போது இருப்பது இருக்கும். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இது முக்கியம் என்றால் தராசில் அதையும் ஒரு கல்லாக வையுங்கள், மற்றவர் என்ன நினைப்பார் என்று பார்க்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால்: மாத்திரை விஷயம் சரியாக இருந்து, நான்காம் வகையின் அளவு குறைவாகவும் இருந்தால் நான் கண்காணிப்பைத்தான் சொல்வேன். ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருக்கிறது என்ற நினைப்போடு தூங்கவே முடியாது, ஒவ்வொரு பிஎஸ்ஏக்கும் முன் பத்து நாள் சாப்பாடு இறங்காது. நீங்கள் அந்த ரகம் என்றால் கதிர்வீச்சு எடுத்துக்கொள்வது தவறான முடிவாகாது. எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கையெழுத்து உங்களுடையது

தெளிவான மனநிலையில் இருக்கும் ஒருவரின் நோயை முதலில் அறிய உரிமை அவருக்குத்தான். சம்மதப் படிவத்தில் மகன் போடும் கையெழுத்து உங்கள் சம்மதத்துக்கு ஈடாகாது. "வீக்கம்" என்று சொல்லி வாங்கிய சம்மதமும் சம்மதம் ஆகாது. மருத்துவமனைக்கு நீங்களே போய், இனி அறிக்கைகள் என் எண்ணுக்கு வரட்டும் என்று எழுதிக் கொடுங்கள். பயாப்ஸி ஸ்லைடுகள், எம்ஆர்ஐ படங்கள், எல்லா அறிக்கைகளின் பிரதியும் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடை இன்னொரு நோயியல் நிபுணர் பார்ப்பது நல்லது, 3+4 என்பது சில சமயம் 3+3 ஆகவோ 4+3 ஆகவோ மாறுவதுண்டு. அறுவை மருத்துவரை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். அவரவர் கையில் இருக்கும் கருவியின் பக்கம் சாய்வது மனித இயல்பு, நானும் அதற்கு விலக்கல்ல.

மகன் மேல் கோபம் வேண்டாம். மறைத்தவர்களும் அந்த இரண்டு வாரம் பயத்தில்தான் இருந்திருப்பார்கள். ஆனால் நீங்கள் இப்போது உங்கள் மனைவிக்கு அதையே செய்துகொண்டிருக்கிறீர்கள். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். எந்த வழியை எடுத்தாலும் உங்களோடு இருந்து அனுபவிக்கப் போகிறவர் அவர்தான், அவருடைய கேள்விகளும் மருத்துவர் முன் வர வேண்டும்.

தம்பிக்கு

உங்கள் வயதில் புதிதாக பிஎஸ்ஏ பார்க்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் சொன்னது, 70க்கு மேல் பலனைவிடப் பாதிப்பு அதிகம் என்ற கணக்கில். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் வயது பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல் இதைச் சேர்த்துவிடுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். அது போகட்டும், தெரிந்த பிறகு தெரியாதது போல இருக்க முடியாது.

தம்பியின் 61 வயது வேறு. 55 முதல் 69 வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசி அவரவர் முடிவு செய்யலாம் என்கிறது அதே குழு. 55 முதல் 69 வயது வரையுள்ளவர்களை வைத்து ஐரோப்பாவில் 23 ஆண்டு நடந்த பெரிய ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்த நோயால் இறப்பது 13 சதவீதம் குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தடுக்கப்பட்டது. அந்த ஒரு சாவைத் தடுக்க 12 பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு எண்ணையும் தெரிந்துகொண்டு பிறகு பார்க்கச் சொல்லுங்கள். அண்ணனுக்கு வந்திருப்பதால் அவருக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். குடும்பத்தில் யாருக்காவது 50களிலேயே இது வந்திருந்தால் அல்லது குடும்பத்துப் பெண்களுக்கு மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் இன்னும் அக்கறை வேண்டும்.

பார்ப்பதானால் சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ இல்லாத நேரத்தில், இரண்டு நாள் உடலுறவைத் தவிர்த்துவிட்டுப் பார்க்கட்டும். 60 வயதில் பிஎஸ்ஏ 1க்குக் கீழே இருந்தவர்கள் 85 வயதுக்குள் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு 0.2 சதவீதம்தான் என்று சுவீடனில் நடந்த நீண்ட ஆய்வு சொல்கிறது. அப்படி வந்தால் அவர் பல ஆண்டுகளுக்கு இதை மறந்துவிடலாம். கூடுதலாக வந்தால் உடனே ஊசி வேண்டாம், ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை, அப்புறம் எம்ஆர்ஐ, அதன் பிறகே பயாப்ஸி பற்றிப் பேச்சு.

உங்களுக்கு மட்டும் ஒன்று. புதிதாக விடாத முதுகுவலியோடு கால் பலவீனமானாலோ, சிறுநீர் அடியோடு நின்றுபோனாலோ, சிறுநீரில் ரத்தக் கட்டிகள் வந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு அந்த மருந்துப் பெயரை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.